நிஷாகந்தி விரிந்த இரவு: ஒரு டைம்லாப்ஸ் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு தொட்டிச் செடி, ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 மிமீ லென்ஸ், ஒரு ட்ரைபாட், ஒரு டைமர் ரிமோட். கேமராவின் உரிமையாளர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தொட்டியில் இருந்தது நிஷாகந்தி. சிலர் பிரம்ம கமலம் என்பார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த கள்ளிக் குடும்பத்துச் செடி. இலை போலத் தட்டையாக இருக்கும் தண்டின் ஓரத்தில் மொட்டு விடும். பொழுது சாய்ந்தபின் மெல்ல விரியும், விடிவதற்குள் தலை தொங்கிவிடும். அந்த ஒரே இரவு விரிதலை அரை நிமிடத்துக்குள் அடக்கிக் காட்ட வேண்டும் என்பது டீச்சரின் ஆசை.

இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓட்டிக் காட்டுவதுதான் டைம்லாப்ஸ். அதைப் பழக வருகிறவர்களுக்கு நான் பொதுவாகச் சொல்வது பகல் மேகத்தை எடுங்கள் என்றுதான். வெளிச்சம் தாராளம், கெட்டுப்போனால் நாளைக்கும் மேகம் வரும். டீச்சர் எடுத்த எடுப்பிலேயே மிகக் கடினமானதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்: இருட்டு, அசைகிற பொருள், வெள்ளை நிறம், ஒரு மொட்டுக்கு ஒரே வாய்ப்பு. ஆனால் ஆய்வு செய்கிறவனுக்கு இதைவிட நல்ல நிகழ்வு கிடைக்காது. புதிதாகத் தொடங்குகிறவர் சந்திக்கக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செடியிலேயே வரிசையாக வந்து நின்றன.

முதல் இரவின் கோப்புகள்

டீச்சர் என்னிடம் வந்தது முதல் படப்பிடிப்பு முடிந்தபிறகு. வீடியோவை ஓடவிட்டுக் காட்டினார்.

"தம்பி, பூ மலருற மாதிரியே இல்ல. யாரோ பக்கத்துல நின்னு லைட்டைக் கூட்டிக் குறைச்சுட்டு இருக்குற மாதிரி இருக்கு. லைட்டை யாரும் தொடல."

அவர் சொன்னது சரி. படம் முழுக்கத் துடித்தது. வெளிச்சம் ஏறி இறங்கியது, பின்சுவர் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே ஊசலாடியது, இதழ்கள் அங்கங்கே குதித்தன. இன்னொன்றும் இருந்தது, அதுதான் என்னை உட்கார வைத்தது: பூ முழுதாக விரிகிற நேரத்தில்தான் படம் அதிகமாக இருண்டது. எதற்காக இரவெல்லாம் விழித்திருந்தாரோ அந்தக் கட்டம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

இந்த மாதிரி நேரத்தில் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை. தனித்தனிப் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றோடும் கேமரா எழுதி வைத்திருக்கும் விவரங்களைப் படிக்க வேண்டும். எடுத்த நேரம், ஷட்டர் வேகம் (எவ்வளவு நேரம் திறந்திருந்தது), அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. கணினியில் படங்களை வரிசையாக அடுக்கி, இந்த நான்கையும் பத்திகளாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தோம்.

முதலில் எண்ணிக்கை. மாலை 6:30 முதல் இரவு 11:30 வரை நிமிடத்துக்கு ஒரு படம். 300 இருக்க வேண்டும். கார்டில் இருந்தது 264. எடுத்த நேரங்களைப் பார்த்தால் விவரம் தெரிந்தது: பெரும்பாலான படங்களுக்கிடையே 60 வினாடி, ஆனால் இருட்டிய பிறகு அங்கங்கே 120, 180 வினாடி, ஓரிடத்தில் நான்கு நிமிடம். லென்ஸ், கூர்மையைத் தானே தேடும் ஆட்டோஃபோகஸில் இருந்தது. அதன் வழக்கமான அமைப்பில் ஃபோகஸ் கிடைத்தால்தான் கேமரா ஷட்டரைத் திறக்கும். மங்கலான வெளிச்சத்தில் வெள்ளை மொட்டில் பிடிப்பு கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் தேடியிருக்கிறது, கிடைக்காதபோது அந்தப் படத்தையே விட்டுவிட்டது. இதழ்கள் குதித்ததற்கு இது பாதிக் காரணம். ஃபோகஸ் கிடைத்த படங்களிலும் ஒன்றில் மொட்டின் நுனி, அடுத்ததில் பின்னால் இருந்த தண்டு என்று கூர்மை இடம் மாறியிருந்தது.

அடுத்தது வெளிச்சம். கேமரா அபெர்ச்சர் முன்னுரிமை முறையில், அதாவது ஷட்டரைக் கேமராவே முடிவு செய்யும் முறையில்; ஐஎஸ்ஓவும் ஆட்டோ. 8:12-க்கு எடுத்த படம் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/30. 8:13-க்கு ஐஎஸ்ஓ 2000, அதே 1/30. 8:14-க்கு மறுபடி 1600, ஷட்டர் மட்டும் 1/25. இருட்டிய வராந்தாவில் ஒரே ஒரு பல்பு, மாற்றமில்லாமல் எரிந்துகொண்டிருந்த பல்பு. கேமரா மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்திருக்கிறது. அந்த யோசனையின் மிகச் சிறிய படி மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அது 26 சதவீத வெளிச்ச வித்தியாசம். தனிப் படமாகப் பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வினாடிக்கு 25 படம் ஓடும்போது அதுவே துடிப்பு.

சாம்பல் பூத்த உச்சக்கட்டத்துக்கும் விடை இங்கேதான் இருந்தது. கேமராவின் மீட்டர், எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். மொட்டாக இருந்தபோது படச் சட்டத்தில் பெரும்பகுதி இருண்ட சுவரும் பச்சைத் தண்டும், எனவே வெளிச்சத்தைக் கூட்டியது. வெள்ளை இதழ்கள் விரிந்து சட்டத்தை நிரப்ப நிரப்ப, வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று குறைத்துக்கொண்டே போனது. பூ விரிந்த அதே வேகத்தில் படம் இருண்டது. 8:30-க்கும் 10:30-க்கும் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூவை விட்டுவிட்டுப் பின்சுவரை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஒரே சுவர், ஒரே பல்பு, இரண்டாவதில் சுவர் கிட்டத்தட்டக் கறுப்பு. டீச்சர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்போ பூவே தன் வெளிச்சத்தைக் கெடுத்துக்கிச்சுன்னு சொல்லு" என்றார். அதுதான் சரியான நோயறிதல்.

சுவரின் நிறம் ஊசலாடியது, நிறத்தைத் தானாகச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வேலை. தொடக்கத்தில் அந்தியின் நீல வெளிச்சம், பிறகு பல்பின் மஞ்சள், நடுவே இரண்டும் கலந்த அரை மணி நேரம். அந்தக் கலப்பில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வெள்ளைப் பூ என்பதால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

இந்த எல்லாக் கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். கேமராவுக்கு முந்தைய படம் நினைவில் இல்லை. ஒவ்வொரு முறையும் அப்போதுதான் பிறந்த மாதிரி பார்த்து, தனக்குச் சரியென்று பட்டதைச் செய்யும். ஒற்றைப் படம் எடுக்கும்போது அது உதவி. நூற்றுக்கணக்கான படங்களைக் கோத்து ஓட்டும்போது, சரியாக இருப்பதைவிட ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். ஆகவே முதல் படத்துக்கு முன்பே கேமராவிடமிருந்து எல்லா முடிவுகளையும் பிடுங்கிக்கொள்ள வேண்டும். டைம்லாப்ஸ் கற்றுக்கொள்வதில் முக்கால்வாசி இதுதான் என்பது என் கருத்து. நல்ல லென்ஸ், நகரும் ஸ்லைடர் எல்லாம் அப்புறம்.

இடைவெளிக் கணக்கு

அடுத்த மொட்டு இரண்டு மூன்று நாளில் விரியும் நிலையில் இருந்தது. மொட்டின் காம்புக் குழல் மேல்நோக்கி வளைந்து, நுனி தளர ஆரம்பித்திருந்தது. டீச்சருக்கு அந்த அறிகுறிகள் அத்துப்படி. என் வேலை கணக்கு.

எத்தனை வினாடிக்கு ஒரு படம் என்பதைப் பலர் பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். அதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். முதல் இரவு கெட்டுப்போனாலும் அதன் நேரக் குறிப்புகள் கெடவில்லை: இதழ் அசையத் தொடங்கியது 7:40 வாக்கில், முழுதாக விரிந்து நின்றது 10:50 வாக்கில். 3 மணி 10 நிமிடம், அதாவது 11,400 வினாடி. டீச்சர் கேட்டது சுமார் 20 வினாடி வீடியோ. வினாடிக்கு 25 பிரேம் என்றால் 500 படம். 11,400-ஐ 500-ஆல் வகுத்தால் 22.8. ஆகவே 22 அல்லது 23 வினாடிக்கு ஒன்று போதும்.

போதும்தான், ஆனால் நான் 10 என்று வைத்தேன். எடுத்த படங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கிவிடலாம், எடுக்காத படத்தை உண்டாக்க முடியாது. 10 வினாடி என்றால் அந்த நேரத்துக்குள் 1,140 படம், 45.6 வினாடி வீடியோ. ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் 22.8 வினாடி, டீச்சர் கேட்டது கிட்டத்தட்ட அப்படியே. நடுவில் யாராவது விளக்கைப் போட்டுவிட்டு அணைத்தால், அந்த இரண்டு மூன்று படங்களைத் தூக்கிவிட்டுப் பக்கத்துப் படங்களால் ஒட்டிவிடலாம். முதல் இரவின் ஒரு நிமிட இடைவெளியில் அந்த வசதி இல்லை. ஒரு படம் போனாலே இதழ் தாவும்.

பொருளுக்குப் பொருள் இது மாறும். வேகமான மேகத்துக்கு 1 முதல் 3 வினாடி, மெதுவான மேகத்துக்கு 5 முதல் 10, விதை முளைப்பதற்குப் பல நிமிடம், கட்டடம் எழுவதற்கு அரை மணி நேரம்கூட. இவை தொடக்கப் புள்ளிகள்தான். எவ்வளவு நேரம் நடக்கிறது, எவ்வளவு நேரம் காட்டப் போகிறோம் என்ற இரண்டும் தெரிந்தால் அட்டவணை தேவையில்லை.

மாலை 6:30 முதல் நள்ளிரவு வரை ஓடவிட முடிவு செய்தோம். 19,800 வினாடி, 1,980 படம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஜேபெக் ஒன்று சுமார் 8 எம்பி, மொத்தம் 16 ஜிபிக்குக் கீழே. டீச்சரிடம் இருந்த 32 ஜிபி கார்டில் அடங்கிவிடும். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தால் 50 ஜிபியைத் தாண்டும். ரா எடுக்காவிட்டால் பாவம் என்பது போல் பேசுகிறவர்கள் உண்டு. வானம், சூரிய அஸ்தமனம் என்றால் நானும் அவர்கள் பக்கம்தான். இங்கே விளக்கு நம் கையில், நிறம் நம் கையில். ஜேபெக் போதும் என்று விட்டுவிட்டேன்.

பேட்டரி ஒன்று அத்தனை நேரம் தாங்காது. நடுவில் மாற்றினால் கேமரா ஒரு முடி அளவாவது நகரும், அந்த நகர்வு வீடியோவில் உதைத்த மாதிரித் தெரியும். பேட்டரி வடிவத்திலேயே வரும் மின்இணைப்பை, டம்மி பேட்டரி என்பார்கள், அதைப் போட்டு நேரடியாக மின்சாரத்தில் ஓட்டினோம். ஷட்டர் தேய்மானம் பற்றி டீச்சர் கவலைப்பட்டார். நியாயமான கவலை. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் சுமார் 1,00,000 முறை என்று மதிப்பிடப்படும், ஓரிரவில் இரண்டு சதவீதம் போகிறது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால் இந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் சில எல்இடி விளக்குகளுக்குக் கீழே அதில் கோடு கோடாகப் பட்டை விழும், முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும்.

டைமர் ரிமோட்டில் இரண்டு பொறிகள். முதலாவது, படங்களின் எண்ணிக்கை. இந்த வகை ரிமோட்டுகள் பலவற்றில் எண்ணிக்கை 399-க்கு மேல் போகாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வரம்பில்லை என்று காட்டும் இரட்டைக் கோட்டுக்கு மாற்ற வேண்டும். டீச்சரின் ரிமோட் 399-இல் நின்றது. 10 வினாடி இடைவெளியில் அது 3,990 வினாடி. 6:30-க்குத் தொடங்கியிருந்தால் 7:36-க்கு நின்றிருக்கும், இதழ் அசைவதற்கு நான்கு நிமிடம் முன்னால்! இரண்டாவது, இடைவெளியை எங்கிருந்து எண்ணுகிறது என்பது. சில ரிமோட் ஷட்டர் திறந்த கணத்திலிருந்து எண்ணும், சில மூடியபிறகு எண்ணும். ஒரு வினாடி ஷட்டர் வைத்தால் 10 வினாடி 11 ஆகிவிடும், 1,980 படம் 1,800 ஆகும். கையேட்டில் தேடுவதைவிட, பத்துப் படம் எடுத்து நேரக் குறிப்பைப் பார்ப்பது சுலபம். கேமராவிலேயே இடைவெளிப் படப்பிடிப்பு வசதி இருந்தால் ரிமோட்டே வேண்டாம். கேமராவே வீடியோவாக்கிக் கொடுக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. அதில் பிறகு திருத்த எதுவும் மிஞ்சாது என்பதால் தனித்தனிப் படமாக எடுப்பதையே விரும்புகிறேன்.

இரண்டாம் இரவு

விளக்கு மங்கலாக இருக்கட்டும் என்று முதலிலேயே முடிவு. இருட்டைப் பார்த்து மலர்கிற பூவின் முகத்தில் மணிக்கணக்கில் பளீரென்று வெளிச்சம் அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சின்ன எல்இடி விளக்கை வெள்ளைத் துணி வழியாகப் பக்கவாட்டில் விழும்படி வைத்தோம். வராந்தாவின் திறந்த பக்கத்தைக் கனமான திரையால் மூடி அந்தி வெளிச்சத்தை அடைத்தோம். குறைந்த வெளிச்சத்தை ஷட்டர் நேரத்தால் ஈடுகட்டினோம்: ஒரு வினாடி, அபெர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 400. இந்த ஒரு வினாடிக்கு இன்னொரு லாபம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/500 போன்ற வேகத்தில் எடுத்தால் ஒரு படம் உச்சியில் விழும், அடுத்தது பள்ளத்தில் விழும். ஒரு வினாடி திறந்திருந்தால் அந்த நூறும் சராசரியாகிவிடும். 60 ஹெர்ட்ஸ் இருக்கும் இடங்களில் 120, விளைவு அதேதான்.

வெளிச்ச அளவை மொட்டைப் பார்த்து வைக்கக் கூடாது. இரவு பதினொரு மணிக்கு அங்கே இருக்கப்போவது வெள்ளைப் பூ. பூ விரியும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, ஒரு படம் எடுத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் தாளின் மேடு வலது ஓரத்தைத் தொடாமல் சற்று முன்பே நிற்கும்படி வைத்தோம். தொடக்கத்தில் படம் இருட்டாகத் தெரிந்தது. டீச்சர் கையை விசையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் கூட்டட்டுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். ஒயிட் பேலன்ஸையும் அந்தத் தாளை வைத்தே நிலையாகப் பூட்டினோம்.

ஃபோகஸும் அப்படியே. மொட்டு இருக்கும் இடத்துக்கல்ல, பூ வரும் இடத்துக்கு. நிஷாகந்தி விரிந்தால் ஏறக்குறைய ஒரு சாண் அகலம். லென்ஸை 50 மிமீயில் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் பூ சட்டத்தின் உயரத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். 1.3 மீட்டருக்குத் தள்ளிப்போனோம். அந்தத் தூரத்தில் எஃப் 8-இல் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 20 செமீ. மொட்டின் நுனிக்குச் சற்று முன்னால் விரலை நீட்டச் சொல்லி, திரையில் பெரிதாக்கிப் பார்த்து விரலுக்குக் கையால் ஃபோகஸ் செய்து, ஆட்டோஃபோகஸை அணைத்து, லென்ஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டினோம். லென்ஸின் நடுக்கத் தடுப்பு, நீள் ஷட்டருக்கான இரைச்சல் நீக்கம், கேமரா தானாகத் தூங்கும் வசதி, எல்லாம் அணைப்பு. பார்வைக் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடினோம், பின்னாலிருந்து வெளிச்சம் கசியாமல் இருக்க.

மின்விசிறி நிறுத்தம். கண்ணுக்குத் தெரியாத இலையசைவுகூட இந்த வேகத்தில் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். ட்ரைபாடின் நடுத்தண்டில் ஒரு கனமான பையைத் தொங்கவிட்டு, கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் குறித்துவிட்டு, எல்லோரும் வெளியேறினோம்.

செடிகளை இப்படிப் பார்ப்பது சினிமா கேமராவோடு சேர்ந்தே தொடங்கிய ஆசை என்று டீச்சர் அன்று சொன்னார். ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர் 1898-1900 ஆண்டுகளிலேயே லைப்சிக்கில் துலிப்பின் அசைவையும் தொட்டாற்சிணுங்கியின் அசைவையும் இப்படிப் படச்சுருளில் பதிந்திருக்கிறார். பாடம் நடத்தத்தான், டீச்சரைப் போல. ஒவ்வொரு பிரேமும் செலவாகும் காலத்தில் 1,980 எடுக்க யாருக்கு மனம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த மினுமினுப்பு

காலையில் எண்ணினால் 1,980 படமும் இருந்தன. ஓடவிட்டால் இதழ்கள் வழுக்கிக்கொண்டு விரிந்தன. சுவர் சுவராகவே நின்றது. டீச்சருக்கு மகிழ்ச்சி. எனக்கு முழுத் திருப்தி இல்லை. மெல்லிய மினுமினுப்பு ஒன்று படம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. முதல் இரவிலும் இது இருந்திருக்க வேண்டும். பெரிய துடிப்புகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது, அவ்வளவுதான். இந்த வேலையில் இது வழக்கம், ஒரு கோளாறை எடுத்தால்தான் அடுத்தது முகம் காட்டும்.

ஷட்டர், ஐஎஸ்ஓ, அபெர்ச்சர் மூன்றும் எல்லாப் படத்திலும் ஒரே எண். ஆனாலும் வெளிச்சம் சற்றே மாறுகிறது. சந்தேகம் இரண்டின் மேல்: விளக்கு, அல்லது அபெர்ச்சர் இதழ்கள். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்கும், படம் எடுக்கும் கணத்தில் மட்டும் எஃப் 8-க்குச் சுருங்கி மறுபடி விரியும். ஒவ்வொரு முறையும் அந்த உலோக இதழ்கள் அதே இடத்தில் துல்லியமாக நிற்பதில்லை. கோப்பில் எஃப் 8 என்றே எழுதியிருக்கும், உண்மையில் மயிரிழை முன்பின்.

யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை இருக்கிறது. அதே விளக்கில், அதே இடத்தில், எஃப் 8-இல் நாற்பது படம். பிறகு லென்ஸை அந்த நீளத்தில் முடிந்தவரை திறந்து, இந்த லென்ஸுக்கு 50 மிமீயில் அது எஃப் 5.6, ஷட்டரை அரை வினாடியாக்கி இன்னொரு நாற்பது. முழுதாகத் திறந்திருக்கும்போது இதழ்கள் சுருங்க வேண்டிய வேலையே இல்லை. விளக்கு குற்றவாளி என்றால் இரண்டிலும் மினுமினுப்பு இருக்கும். எங்களுக்கு எஃப் 8 தொகுப்பில் இருந்தது, எஃப் 5.6 தொகுப்பில் சுத்தமாக இல்லை. விளக்கு நிரபராதி.

இதற்குப் பரிகாரம் பல. கையால் திருப்பும் அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ் இருந்தால் அதைப் போடலாம், இதழ்கள் வைத்த இடத்தில் நிற்கும். சில கேமராக்களில் ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்தி இதழ்களைச் சுருக்கிவைத்து, லென்ஸைப் பூட்டிலிருந்து சற்றே திருகி மின்தொடர்பைத் துண்டிப்பார்கள். வேலை செய்யும்தான், ஆனால் லென்ஸ் பாதிப் பூட்டில் தொங்கும். ஆறு மணி நேரம் அப்படி விட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வராது. எடுத்து முடித்தபின் மென்பொருளில் சமன்செய்வது இன்னொரு வழி. எல்ஆர்டைம்லாப்ஸ் இதற்கென்றே பெயர்பெற்றது. கட்டணமில்லாத எஃப்எஃப்எம்பெக்கிலும் டிஃப்ளிக்கர் என்ற வடிகட்டி உண்டு. பக்கத்துப் படங்களின் சராசரி வெளிச்சத்தோடு ஒவ்வொரு படத்தையும் ஒத்துப்போகச் செய்யும். மினுமினுப்பு இவ்வளவு மெல்லியதாக இருந்தால் அழகாகச் சரியாகிவிடும். முதல் இரவின் 26 சதவீதத் தாவல்களை அதனிடம் கொடுத்தால் தலைவலிதான் மிஞ்சும், ஏனென்றால் பூ விரிவதால் வரும் உண்மையான வெளிச்ச மாற்றத்தையும் அது கோளாறு என்றே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் இரவுப் படத்தை எஃப்எஃப்எம்பெக்கில் சமன்செய்தோம். மூன்றாவது மொட்டுக்கு இன்னும் எளிய வழி கண்ணெதிரே இருந்தது: எஃப் 5.6-இலேயே எடுப்பது. கூர்மை ஆழம் 20 செமீயிலிருந்து சுமார் 14-ஆகக் குறைகிறது. பூவின் முகம் முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது, பின்தண்டு மட்டும் சற்று மழுங்கும். மழுங்கியது நல்லதாகவே போயிற்று.

வேறொரு பிரச்சினை செடியுடையது. விரியும்போது பூ நின்ற இடத்தில் நிற்பதில்லை. காம்புக் குழல் மெல்ல எழும்ப, பூ சட்டத்தின் நடுவிலிருந்து இடது மேல்மூலையை நோக்கி நகர்ந்திருந்தது. இதைக் காப்பாற்றியது படத்தின் அளவு. 6000 பிக்சல் அகலப் படத்திலிருந்து 4கே வீடியோவுக்கு வேண்டியது 3840 மட்டும். மீதி 2160 பிக்சல் நகர்த்த இடம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் படவரிசையை இறக்கி, வெட்டும் சட்டத்தை பூவின் பின்னாலேயே மெல்ல நகர்த்தியபோது, கேமராவே நகர்ந்து தொடர்ந்தது போல் ஆயிற்று. மூன்றாவது முறை மொட்டு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் முன்கூட்டியே இடம் விட்டோம்.

இறக்கும்போது ஒரு சின்ன விஷயம். கேமரா கோப்பு எண்கள் 9999-க்குப் பிறகு 0001-க்குத் திரும்பும், சில சமயம் புதிய அடைவில். வரிசை நடுவே முறிந்தால் மென்பொருள் அதை இரண்டு வீடியோவாக எடுத்துக்கொள்ளும், அல்லது பாதியில் நிறுத்திவிடும். எல்லாப் படங்களையும் ஒரே அடைவில் போட்டு, எடுத்த நேரப்படி 0001-இலிருந்து மறுபெயரிட்டுவிட்டால் தொல்லையில்லை.

இந்த நிகழ்வு பொருந்தாத இடங்கள்

எல்லாவற்றையும் பூட்டு என்ற முறை, வெளிச்சம் மாறாத இடத்துக்குத்தான். பகல் மங்கி இரவாவதைத் தொடர்ந்து எடுக்க நினைப்பவருக்கு இது உதவாது. நல்ல வெயிலுக்கும் நட்சத்திர வானத்துக்கும் நடுவே சுமார் 20 ஸ்டாப் வித்தியாசம், அதாவது பத்து லட்சம் மடங்கு. ஒரே அமைப்பில் பூட்டினால் பாதி வீடியோ வெளிறிப்போகும், மீதி கறுத்துப்போகும். அங்கே ராவில் எடுத்து, வெளிச்சம் குறையக் குறைய ஷட்டரையும் பிறகு ஐஎஸ்ஓவையும் படிப்படியாகக் கையாலேயே கூட்டி, அந்தப் படிகளை மென்பொருளில் சரிவாக்க வேண்டும். எல்ஆர்டைம்லாப்ஸ் போன்றவை இதற்குத்தான் அதிகம் பயன்படுகின்றன. இதற்கு அந்தி நேரத்தில் கேமராவைவிட்டு நகர முடியாது.

மக்கள் நடமாட்டம், வண்டிகள், மேகம் என்று எடுக்கும்போது இன்னொரு கணக்கும் சேரும். பூவுக்கு ஒரு வினாடி ஷட்டர் வைத்தது வெளிச்சத்துக்காக. அங்கே ஷட்டர் நீளம் அசைவுக்காக. இடைவெளியில் பாதி நேரம் திறந்திருந்தால், இரண்டு வினாடி இடைவெளிக்கு ஒரு வினாடி, அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மென்மையாக ஓடும். 1/1000 வைத்தால் மனிதர்கள் தெறித்துத் தெறித்து மறைவார்கள். பகலில் ஒரு வினாடி திறப்பது வெளிச்சத்தைக் கொட்டிவிடும் என்பதால் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் தேவைப்படும். அது வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும், 1/60 வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒரு வினாடி கிடைக்கும். ஃபில்டரைப் போட்டபிறகு இருட்டில் ஃபோகஸ் பார்ப்பது சிரமம், அதனால் ஃபோகஸை முதலில் செய்து பூட்டிவிட்டு ஃபில்டரைப் பிறகு திருகுங்கள்.

டீச்சரின் அடுத்த திட்டம் அவரைக்காய் விதை முளைப்பது. பல நாள் ஓடும், 10 நிமிட இடைவெளி, நாளுக்கு 144 படம். ஜன்னல் இல்லாத அறையைத் தேடிக்கொண்டிருக்கிறார். முளைவிட்ட பயிருக்கு வெளிச்சமும் வேண்டும், படங்களுக்கு நடுவே அது மாறவும் கூடாது என்பதால், செடிவிளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டுமா, படத்துக்கென்று தனி விளக்கு அந்தக் கணத்தில் மட்டும் எரியட்டுமா என்று இன்னும் முடிவாகவில்லை. நான் முதலாவதன் பக்கம். ஒவ்வொரு முறையும் அணைந்து எரியும் விளக்கு ஒரே அளவில்தான் எரிகிறதா என்று சோதிக்க மறுபடி நாற்பது நாற்பதாகப் படம் எடுக்க வேண்டியிருக்கும்.